மாமி வாங்கிய றாக்கை

தம்பிமாரே, நேற்று ஒருவர் கராஜுக்கு வந்து, தன் ஜீப்பின் பின்னால் பெட்டரி சைக்கிள் ஏற்ற ஒரு றாக்கை, அதாவது சைக்கிள் தாங்கி, வேண்டும் என்றார். உங்களில் ஒருவர், யாரென்று சொல்லி மானத்தை வாங்கமாட்டேன், "எத்தின சைக்கிள்?" என்று கேட்டார். வந்தவர் "ரெண்டு" என்றார். உடனே அளவு நாடாவை இழுத்துக்கொண்டு எல்லாரும் ஜீப்புக்கு அடியில் குனிந்துவிட்டீர்கள். நான் மூலையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கராஜை உங்கள் கையில் தந்த பிறகு வாடிக்கையாளர் முன்னால் உங்களைத் திருத்துவதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நான் படுகிற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

எத்தனை சைக்கிள் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அதை யார் தூக்கி ஏற்றுவது என்பது. சாதாரண சைக்கிளை யாரும் தூக்கிவிடலாம். பெட்டரி சைக்கிள் அப்படியல்ல. நிறைந்த கேஸ் சிலிண்டரை நெஞ்சளவு தூக்கி, கையை முன்னால் நீட்டி, ஒரு கொக்கியில் மாட்டச் சொன்னால் எத்தனை பேர் மாட்டுவீர்கள்? ஒரு நாள் மாட்டலாம். ஒவ்வொரு கிழமையும் மாட்டமுடியுமா? தூக்குகிற ஆள் யாரென்று தெரிந்தால்தான் றாக்கை எவ்வளவு தாழ்வாக இருக்கவேண்டும், சரிவுப் பலகை வேண்டுமா இல்லையா என்பதெல்லாம் தெரியும். ஆள் தெரியாமல் அளவெடுப்பது வீண் வேலை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாமியாரிடமும் மருமகனிடமும். நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னர் நடந்த கதை.

ஒரு நாள் பகல், மருதமுனையிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து வாசலில் நின்றது. நடு ஆசனத்தில் இருந்தவர் சுபைதா. அவருடைய கணவர் எனக்குக் கூட்டாளி. அவர் மௌத்தான பிறகு வீட்டுத் தறிகளையும், அவற்றில் நெய்கிற சாரங்களை, வெளியூரில் லுங்கி என்பார்களே, அவற்றை ஏற்றுகிற இந்த வேனையும் சுபைதாதான் பார்த்து வருகிறார். என்னைக் காக்கா என்பார், நான் தங்கச்சி என்பேன். வேனை ஓட்டி வந்தது மருமகன் நௌபர். பாலமுனைப் பொடியன். சுபைதாவின் ஒரே மகள் ஷிபானாவைக் கட்டி, நம் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்தவன்.

நௌபர் பெட்டரி சைக்கிள் திருத்துவான், வாடகைக்கும் கொடுப்பான். பெற்றோல் வரிசை நம்மையெல்லாம் வீதியில் நிறுத்திய காலத்தில் தொடங்கிய தொழில். கிழமை நாட்களில் டீச்சர்மாரும் கிளினிக்கில் வேலை செய்கிற பெண்களும் அவனுடைய சைக்கிள்களை எடுப்பார்கள். இப்போது பொத்துவில் பக்கம் ஒரு விடுதிக்காரர், ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு சைக்கிள் கொண்டுவந்து தந்தால் நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். போகிற வழியில் அக்கரைப்பற்றுக் கடைகளுக்குச் சாரமும் இறக்கவேண்டும். சாரக்கட்டு நிறைய ஏற்றினால் சைக்கிள் உள்ளே போகாது. அதற்குத்தான் றாக்கை.

றாக்கையைச் சுபைதாவே வாங்கியிருந்தார். கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் மூலம் தன் சொந்தக் காசில் எடுப்பித்தது. பெட்டியைப் பிரித்தேன். தொங்கவிடுகிற வகை. ஒரு கம்பம், அதன் உச்சியில் வெளியே நீட்டிய இரண்டு கைகள். சைக்கிளின் நடுப்பாரை அந்தக் கைகளில் மாட்டித் தொங்கவிடவேண்டும். இறகு மாதிரி இருக்கிற ஓட்டப்பந்தயச் சைக்கிளுக்கு அருமையான சாமான். நௌபரின் சைக்கிள்களோ அபாயாவோடு ஏறி இறங்குவதற்காகவே வாங்கியவை. அவற்றில் நடுப்பாரே கிடையாது. எதை மாட்டுவது? மாட்டினாலும் அந்தப் பாரத்தை இந்தக் கை தாங்குமா?

"காக்கா, இது அவருக்குப் புடிச்சிரிக்கோ எண்டு ஒருக்காக் கேளுங்க" என்றார் சுபைதா.

அவர் கேட்கச் சொன்ன ஆள் அவருக்கு முன்னால் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"மாமி வாங்கினது நல்லதாத்தான் இரிக்கும் எண்டு செல்லுங்க, பாஸ்" என்றான் நௌபர், என்னைப் பார்த்து.

வெளியூரிலிருந்து வந்து இதைப் படிக்கிற தம்பிமாருக்காகச் சொல்கிறேன். நம் ஆட்கள் வாயில் 'சொல்லு' என்பது 'செல்லு' என்றுதான் வரும். நம் பகுதியில் மாமியாரும் மருமகனும் ஒரே வீட்டில் இருப்பார்கள், ஒரே சட்டியில் சமைத்ததைத் தின்பார்கள், ஆனால் நேருக்கு நேர் கதைக்கமாட்டார்கள். மார்க்கம் தடுக்கவில்லை. ஊர் வழக்கம், மரியாதை, கூச்சம், எல்லாம் கலந்த ஒன்று. இளம் ஆட்கள் பலர் இப்போது விட்டுவிட்டார்கள். சுபைதா விடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மருமகனிடம் ஒரு சொல் நேராகச் சொன்னதில்லை. எல்லாம் ஷிபானா மூலம்தான். இவர் சொல்வதை அவனுக்கும், அவன் சொல்வதை இவருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பிள்ளையின் வேலை. அன்றைக்கு ஷிபானா வரவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கிற நாள் கிட்டிவிட்டது, வேனில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. இருவருக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து நோவெடுத்ததுதான் மிச்சம்.

வேனுக்குப் பின்னால் ட்ரெயிலர் கொளுவுகிற டோ பாரைப் பார்க்கிற சாட்டில் நௌபரைப் பின்னால் கூப்பிட்டேன்.

"பாஸ், இது தாங்காது" என்றான், காதுக்குள். "பொட்டியத் தொறக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு."

"அப்ப செல்லன்."

"எப்பிடிச் செல்ற? நான் இந்த வீட்டுக்கு வந்து மாமி எனக்கெண்டு வாங்கின மொதல் சாமான். நான் காணட்டும் எண்டு வாசல்ல வெச்சிரிந்தா பாஸ். வேணா எண்டு செல்ல எனக்கு ஏலா." டோ பாரைக் காலால் தட்டிக்கொண்டே சொன்னான்: "கட்டாருக்கு விசா வந்து கிடக்கு. இந்தப் பொத்துவில் வேல சரிவராட்டி போறதுதான். புள்ளட மொகத்தப் பாத்துட்டுப் போவனோ, பாக்காமப் போவனோ, அதுவும் தெரியா."

முன்பக்கம் வந்தேன். சுபைதா வேன் கதவோரம் நகர்ந்து வந்து என்னைக் கூப்பிட்டார்.

"காக்கா, உங்களிட்ட மட்டும் செல்றன். அவர் கட்டாருக்குப் போகப் போறாராம். ஷிபானா அழுதழுது செல்லிச்சி. எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. இவர்தான் புள்ள. போகாதீங்க மகன் எண்டு செல்ல எனக்கு வாய் வராது. அதுதான் இத வாங்கின. இதக் கண்டா விளங்கிக்குவார்தானே?"

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இரண்டு பேரும் தங்கள் மனதில் உள்ளதை என்னிடம் கொட்டிவிட்டார்கள். ஒருவருக்கு மற்றவர் மனது தெரியாது. றாக்கை சரியில்லை என்று நான் சொன்னால், "போகாதீங்க மகன்" என்று அந்த மனுசி இரும்பில் வாங்கி வந்த சொல்லை நானே தூக்கி வெளியே போட்டதாகிவிடும். பூட்டிக் கொடுத்தால் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை நிந்தவூரிலோ ஒலுவிலிலோ அந்தச் சைக்கிள் நடுவீதியில் விழும். பின்னால் வருகிறவன் யாருடைய பிள்ளையோ.

எனக்கு வேலை தந்த பாஸ் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வாடிக்கையாளர் வாயால் சொல்வதை அரைக் காதால் கேட்டுக்கொண்டு, வண்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். மீன் செதில் கிடக்கிறதா, நெல் உமி கிடக்கிறதா, சின்னப் பிள்ளையின் செருப்புக் கிடக்கிறதா. அந்த வண்டி என்ன வேலை செய்கிறது என்பதை அது சொல்லிவிடும் என்பார். நானும் தலையை விட்டேன். ஒன்றிரண்டு சாரக்கட்டு. இரண்டு சைக்கிள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி. அவற்றுக்குப் பின்னால், கதவோரம், ஒரு பாய், ஒரு தலையணை, புதுத் துவாய் வைத்த ஒரு பை. ஷிபானாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தவை. எந்த நேரமும் பின்கதவு திறக்கவேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், யாரையும் நோகவைக்காத ஒரு காரணம் கிடைத்தது என்று நினைத்தேன். "தங்கச்சி, இதப் பூட்டினா பின்கதவு தொறக்காது. ஷிபானாவ அவசரத்துக்குக் கொண்டு போகக்குள்ள கஷ்டம்" என்றேன்.

"கழத்திப் போட்டுத் தொறக்கலாம்தானே?" என்றார் சுபைதா.

நான் நௌபரைப் பார்த்தேன். நீயாவது பிடித்துக்கொள் என்பது போல் கண்ணைக் காட்டினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஓம் பாஸ். மாமி செல்றது சரி. கழத்தலாம்."

அவனை அந்த இடத்திலேயே சுத்தியலால் ஒன்று போடவேண்டும் போல இருந்தது. மரியாதை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் அந்த இரும்புக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்தேன். பெரிய காரணத்தை வைத்துக்கொண்டு சின்னக் காரணத்தைச் சொன்னேன். சின்னக் காரணத்துக்கு எப்போதும் ஒரு சின்னப் பதில் இருக்கும். இதை நினைவில் வையுங்கள். ஒன்று தாங்காது என்றால் தாங்காது என்றே சொல்லுங்கள், நிறம் நன்றாக இல்லை என்று சொல்லாதீர்கள்.

"சரி, ஓடிப் பாப்பம்" என்றேன். "ஒரு சைக்கிள மட்டும் ஏத்துவம்."

அஸர் தொழுதுவிட்டு வந்து றாக்கையை டோ பாரில் பூட்டினோம். நடுப்பார் இல்லாததால் ஆசனத் தண்டுக்கும் ஹேண்டிலுக்கும் குறுக்கே ஒரு பைப்பைக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கி மாட்டினோம். நானும் நௌபரும் சேர்ந்து தூக்கியும் மூச்சு வாங்கியது. பாரம் குறையட்டும் என்று அவன் பெட்டரியைக் கழற்றப் போனான். வேண்டாம் என்றேன். மறந்துபோகிற நாள் ஒன்று எல்லாருக்கும் வரும், அந்த நாளில் என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்கவேண்டும். மாட்டிவிட்டுக் கையை எடுத்ததும் கம்பம் மெல்லப் பின்னால் சாய்ந்தது. கண்ணுள்ளவனுக்கு அதுவே போதும். சுபைதாவும் அதைப் பார்த்தார்.

வேனை நான் ஓட்டுவது, மற்றச் சைக்கிளில் நௌபர் பின்னால் வருவது என்று முடிவு. ஒரு லொறி நீளம் தள்ளி, ஒரு பக்கமாக வா, கிட்ட வராதே என்று இரண்டு தடவை சொன்னேன். "தங்கச்சி, நீங்க இறங்கி கராஜில இரிங்க" என்றேன். "என்ட வேன், நானும் வருவன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கடற்கரை வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஓரத்தில் இழுத்து வைத்த தோணிகள் மட்டும். நடந்து போகிறவனை விட கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன். முதலாவது வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்னால் 'நறுக்' என்றது. கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நௌபர். நான் சொன்ன தூரத்தில் இல்லை. றாக்கையின் வெல்டிங் தாங்குகிறதா என்று பார்க்கவோ என்னவோ, கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்டக் கிட்ட வருகிறான். தள்ளிப் போ என்று கையை வெளியே விட்டு அசைத்தேன். அவன் இன்னும் கிட்ட வந்தான். பிரேக்கை மிதித்தால் அவன் நேரே வந்து தொங்குகிற சைக்கிளில் மோதுவான். மிதிக்காமல் ஒரே சீராக விட்டேன். முன்னால் இரண்டாவது வேகத்தடை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுபைதா ஆசனத்தில் முழங்காலில் நின்று பின்பக்கம் திரும்பியிருந்தார். பக்கக் கண்ணாடியைத் தள்ளி, தலையை வெளியே போட்டு, தொண்டை கிழியக் கத்தினார்:

"மகன்! பின்னுக்கு வராதீங்க! விலகுங்க மகன், விலகுங்க!"

நான் சொன்னதைக் கேட்காதவன் அதைக் கேட்டான். ஹேண்டிலை ஒடித்து மணலுக்குள் இறக்கினான். வேனின் பின்சக்கரம் தடையில் ஏறி இறங்கியது. றாக்கையின் ஒரு கை வளைந்து, பைப் நழுவி, சைக்கிள் வீதியில் விழுந்து உருண்டது. ஒரு கணத்துக்கு முன்னால் நௌபர் இருந்த இடத்தில்.

வேனை நிறுத்தி இறங்கி ஓடினேன். நௌபர் மணலில் ஒற்றைக் காலை ஊன்றிச் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஒரு கீறல் கூட இல்லை. எனக்கு முன்னால் சுபைதா போய்ச் சேர்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. தலையில் கிடந்த சேலை தோளில் விழுந்திருந்தது. அதை இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகனுக்கு நேர் முன்னால் நின்றார்.

"எங்கயும் அடி பட்டிச்சா?"

நௌபர் என்னைப் பார்த்தான். "பாஸ், மாமிட்ட செல்லுங்க, எனக்கு ஒண்டும்..."

எனக்கு வந்ததே கோபம்! "நான் செல்ல மாட்டன்!" என்றேன். "என்ட வாய் என்ன, உங்கட ஊட்டுக் கதவா, ஆள் மாறி ஆள் தொறந்து பூட்ட? மாமி உனக்கு முன்னால நிக்கா. நீயே செல்லு!"

அவன் நிலத்தைப் பார்த்தான்.

"இல்ல மாமி" என்றான். "ஒண்டும் இல்ல."

"இது தாங்காதெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிரிந்ததா?"

"ஓம் மாமி."

"மறுகா ஏன் செல்லல்ல?"

"நீங்க வாங்கினது, மாமி."

சுபைதா விழுந்து கிடந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார். "நான் வாங்கின இரும்புக்காக உங்கட உசிர விடப் பாத்தீங்களா, மகன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். நௌபருக்கும் கண் கலங்கியது. நான் விழுந்த சைக்கிளைத் தூக்கப் போனேன். அந்த நேரத்தில் ஒரு பாஸ் செய்யவேண்டிய வேலை அதுதான்.

கட்டார் பற்றி அன்றைக்கு யாரும் கதைக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அது என் வாயால் வரவேண்டிய கதை இல்லை.

அடுத்த நாள் இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை என்னை நடுவில் நிறுத்தவில்லை. ஆனால் றாக்கையைப் பற்றி மட்டும்தான் கதைத்தார்கள். வேறு எதையும் கதைக்க இருவருக்கும் இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் றாக்கையைப் பற்றி அவர்கள் கதைத்தது கொஞ்ச நஞ்சம் இல்லை. வேனின் டோ பார் ஒரு ட்ரெயிலரை இழுக்குமே, இரண்டு சைக்கிளைத் தாங்காதா என்று சுபைதா கேட்டார். நௌபர் அவருக்கு நேராகவே விளங்கப்படுத்தினான். இழுக்கிற பாரம் வேறு, மேலே ஏற்றிச் சுமக்கிற பாரம் வேறு. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். அதனால் பாரமான சைக்கிள் வேனுக்குக் கிட்ட இருக்கவேண்டும், றாக்கையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒட்டி இருக்கவேண்டும். நான் சொல்லவிருந்த எல்லாவற்றையும் அவனே சொன்னான். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

தொங்கவிடுகிற வகை வேண்டாம், சக்கரங்கள் தட்டில் நிற்கிற வகைதான் என்று முடிவானது. சக்கரம் நிற்கிற தட்டுக்கு நடுப்பார் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனிப் பட்டி. தட்டைப் பிடித்திருக்கிற ஒரு இரும்பு முள்ளை இழுத்தால் முழு றாக்கையும் சாய்ந்து பின்கதவு திறக்கவேண்டும். இலக்கத் தகடும் பின் விளக்கும் மறையக்கூடாது. டோ பாரை அப்படியே நம்பாமல் வேனின் அடிச்சட்டமான செசியோடு சேர்த்து இன்னும் ஒரு தகடு.

அப்போது சுபைதா ஒரு கேள்வி கேட்டார். "புள்ள பொறந்தா ஷிபானா நாப்பது நாள் முடியுமட்டும் ஒண்டும் தூக்க மாட்டா. அவர் ஏத்தக்குள்ள மற்றப் பக்கம் புடிக்க நான்தான் இரிக்கன். எனக்கு ஏலுமான மாதிரிச் செய்வீங்களா, காக்கா?"

இவ்வளவு நாள் இந்தத் தொழிலில் இருந்தும் என் வாயில் வராத கேள்வி அது. ஏற்றுகிற ஆள் யார்? முழங்காலில் வாதம் உள்ள, அறுபதைத் தாண்டிய ஒரு பெண். அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் உண்மையான அளவெடுக்கத் தொடங்கினேன். தட்டை அவருடைய முழங்காலுக்குக் கீழே இறக்கினேன். சைக்கிளைத் தூக்காமல் உருட்டி ஏற்ற ஒரு சரிவுப் பலகை வைத்தேன். ஹேண்டிலைப் பிடித்து நிற்க அவர் கை எட்டுகிற உயரத்தில் ஒரு பிடி.

பழைய றாக்கையை என்ன செய்வது என்று நௌபர் கேட்டான். வளைந்த கைகளை வெட்டி எறிந்தேன். கம்பம் நல்ல இரும்பு, நேராக இருந்தது. அதை இரண்டாகப் பிளந்து சரிவுப் பலகைக்கு விளிம்பு வைத்தேன். பாரம் தாங்குகிற இடத்தில் அதைப் போட்டிருக்கமாட்டேன். சக்கரம் வழுகாமல் தடுக்க அது போதும். சுபைதா வந்து அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் வாங்கினதுதானே?" என்றார். "ஓம் தங்கச்சி, உங்கடதுதான்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, இவ்வளவு காலம் இந்த வேலை செய்ததற்கு இது போதும் என்று தோன்றியது.

ஷிபானாவுக்குப் பெண் பிள்ளை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் முள்ளை இழுத்ததும் றாக்கை சாய்ந்து கதவு திறந்ததாம். நௌபர் தொலைபேசியில் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் அதைத்தான் சொன்னான். தகப்பனாகியும் புத்தி வரவில்லை.

முதல் பொத்துவில் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. வழியனுப்ப நானும் மருதமுனைக்குப் போனேன். வாசலில் வேன் நின்றது. நௌபர் சைக்கிளைச் சரிவில் உருட்டி ஏற்றினான். சுபைதா மறுபக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள்ளே பிள்ளை அழுதது.

"மகன், பெட்டரியக் கழத்தியாச்சா?"

"ஓம் மாமி."

இரண்டு பெட்டரியும் சுபைதாவின் காலடியிலேயே இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். மற்றச் சைக்கிளை ஏற்றும்போதும் அதே கேள்வி, அதே பதில். முன்பட்டியை இறுக்கியாச்சா, பின்பட்டியை இறுக்கியாச்சா, முள்ளுக்குப் பூட்டுப் போட்டாச்சா. இந்தக் கேள்விகளுக்காகவே றாக்கையில் இன்னும் இரண்டு பட்டி கூட வைத்திருக்கலாம் போலிருந்தது.

எல்லாம் முடிந்தது. நௌபர் கையைத் துடைத்தான். சுபைதா றாக்கையின் மேல் கையை வைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இது எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் மகன்?"

அவர் கட்டாரைத்தான் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"உப்புக் காத்து மாமி" என்றான். "சும்மா விட்டா துருப் புடிச்சிரும். வருசா வருசம் கழத்தி, சுரண்டி, பெயின்ற் அடிக்கணும்."

"ஆர் அடிக்கிற?"

"நான்தான் மாமி. வேற ஆர் இரிக்கா?"

சுபைதா அவன் இறுக்கி முடித்த பட்டியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"காக்கா, கேட்டீங்களா?" என்றார்.

"ஓம் தங்கச்சி" என்றேன். "நல்லாக் கேட்டிச்சி."